டி.சி. தராத கிளப்பும் லியேஜ் ஊர் வக்கீல்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

டீச்சர் கால்பந்து பற்றி எழுதுகிறாரே என்று யாரும் சிரிக்க வேண்டாம். பி.டி. சார் லீவு போட்ட நாட்களில் விசிலை என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போவார். பந்து கோட்டைத் தாண்டினால் ஊதுவேன். அதற்கு மேல் அந்த விளையாட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரிகிறது என்றால் அது பேரன் புண்ணியம்.

2024-ல் எம்பாப்பே என்கிற பிரெஞ்சு ஆட்டக்காரர் பாரிஸ் கிளப்பை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். "ஆச்சி, அவ்வளவு பெரிய ஆளு ஓசியிலே போயிட்டான்" என்று பேரன் குதித்தான். ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் பழைய கிளப்புக்குப் புது கிளப் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லையாம். ஒப்பந்தம் முடிந்தால் போகவேண்டியதுதானே, இதில் என்ன அதிசயம் என்று கேட்டேன். "முன்னால அப்படி இல்ல ஆச்சி. போஸ்மான்னு ஒருத்தர் கேஸ் போட்டுத்தான் மாறிச்சு" என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை நானே தேடித் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தைந்து வருடப் பழக்கம், போகாது.

ஜான் மார்க் போஸ்மான் பெல்ஜியம் நாட்டில் லியேஜ் என்ற ஊரில் 1964-ல் பிறந்தவர். அந்த ஊர் கிளப்பான ஆர்.எஃப்.சி. லியேஜுக்காக ஆடினார். பெரிய நட்சத்திரம் இல்லை, உழைத்து ஆடுகிறவர். போனஸ் எல்லாம் சேர்த்து மாதம் சராசரியாக 1,20,000 பெல்ஜியன் ஃபிராங்க் சம்பளம். 1990 ஜூன் 30-ஆம் தேதி ஒப்பந்தம் முடிகிறது. அதற்கு முன்பே, ஏப்ரல் மாதம், கிளப் புது ஒப்பந்தம் ஒன்றை நீட்டியது. சம்பளம் எவ்வளவு தெரியுமா? மாதம் 30,000 ஃபிராங்க். கால்பந்து சங்கத்தின் விதிப்படி அதற்குக் கீழே கொடுக்க முடியாது என்பதால் அந்தத் தொகை. நான்கில் ஒரு பங்கு. போஸ்மான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

சரி, வேறு கிளப்புக்குப் போகலாம் அல்லவா? அங்கேதான் முடிச்சு. அந்தக் காலத்து விதிப்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரை எடுக்கிற புது கிளப் பழைய கிளப்புக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். "பயிற்சி அளித்ததற்கான ஈடு" என்று அதற்குப் பெயர். ஆனால் பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவானது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆட்டக்காரரின் வருடச் சம்பளத்தை அவர் வயதுக்குத் தகுந்தபடி 14-லிருந்து 2 வரை உள்ள ஒரு எண்ணால் பெருக்குவார்கள். போஸ்மானுக்கு அப்போது 25 வயது. வந்த விடை 1,17,43,000 ஃபிராங்க். அவருடைய பழைய சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள், எட்டு வருடச் சம்பளத்துக்கும் மேலே வரும். சம்பளம் பேசும்போது அவர் மதிப்பு கால் பங்காகக் குறைகிறது, விலை பேசும்போது எட்டு வருடக் கூலியாக ஏறுகிறது. ஆள் ஒருவர்தான், பிள்ளைகளே.

அந்தத் தொகைக்கு யாரும் வரவில்லை. பிறகு பிரான்சில் இரண்டாம் பிரிவில் ஆடிய டன்கிர்க் கிளப் அவரை எடுக்க முன்வந்தது. மாதம் ஒரு லட்சம் ஃபிராங்க் அளவில் சம்பளம் பேசியாயிற்று. முதலில் ஒரு வருடத்துக்கு 12 லட்சம் ஃபிராங்க் ஈடு தருவதாகக் கிளப்புக்கும் கிளப்புக்கும் ஒப்பந்தம். ஒரே ஒரு நிபந்தனை: ஆகஸ்ட் 2-ஆம் தேதி முதல் ஆட்டத்துக்குள் பெல்ஜியம் சங்கத்திலிருந்து பிரெஞ்சு சங்கத்துக்கு மாற்றுச் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும்.

ஆமாம், டி.சி.தான். நம் பள்ளி அலமாரியில் கட்டுக் கட்டாக இருக்குமே, அதே பெயர், அதே வேலை.

டன்கிர்க் பணம் கட்டுமா என்று லியேஜ் கிளப்புக்குச் சந்தேகம் வந்தது. சான்றிதழை அனுப்பச் சொல்லி சங்கத்திடம் கேட்கவே இல்லை. எல்லா ஒப்பந்தமும் காற்றில் போயிற்று. ஜூலை 31-ஆம் தேதி போஸ்மானை சஸ்பெண்டும் செய்துவிட்டார்கள். அந்த சீசன் முழுக்க அவர் ஆட முடியாத நிலை. ஒப்பந்தம் இல்லை, சம்பளம் இல்லை, வேறு இடத்துக்குப் போகவும் வழி இல்லை.

இந்த இடத்தில் அவர் வக்கீலிடம் போனார். எனக்கு முக்கியமான கட்டம் இதுதான்.

லூக் மிசோன், ஜான் லூயி டுபோன் என்று இரண்டு பேர். இரண்டு பேரும் அதே லியேஜ் ஊர்க்காரர்கள். டுபோன் அப்போது தொழிலில் காலூன்ற ஆரம்பித்திருந்த இளம் வக்கீல். ஆகஸ்ட் 8-ஆம் தேதி, அதாவது சஸ்பெண்ட் ஆகி எட்டே நாளில், உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்கு தாக்கலானது.

சாதாரணமாக யோசித்தால், "என் கட்சிக்காரருக்கு இவ்வளவு நஷ்டம், கொடுக்கச் சொல்லுங்கள்" என்பதோடு மனு முடிந்திருக்கும். இவர்கள் அதையும் கேட்டார்கள். கூடவே வேறொரு கேள்வியையும் எழுப்பினார்கள். போஸ்மான் யார்? ஆட்டக்காரர். சம்பளம் வாங்கி ஆடுகிறவர். அப்படியானால் அவர் ஒரு தொழிலாளி. 1957-ல் ரோம் நகரில் ஐரோப்பிய நாடுகள் போட்டுக்கொண்ட உடன்படிக்கையின் 48-ஆவது பிரிவு, ஒரு உறுப்பு நாட்டுத் தொழிலாளி இன்னொரு உறுப்பு நாட்டுக்குச் சுதந்திரமாகப் போய் வேலை செய்யலாம் என்கிறது. கொத்தனார் போகலாம், நர்ஸ் போகலாம், கால்பந்து ஆடுகிறவர் மட்டும் ஏன் போக முடியாது?

கால்பந்து உலகம் தன் விதிகளைத் தானே எழுதி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே சட்டம் என்று ஒன்று இருப்பதையே அது கண்டுகொள்ளவில்லை. 1974-லும் 1976-லும் விளையாட்டு தொடர்பாக ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் சொல்லியிருந்தது. பணத்துக்காக நடக்கும் விளையாட்டு உடன்படிக்கைக்கு வெளியே நிற்காது என்பது அவற்றின் சாரம். சங்கங்கள் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டுபோனும் மிசோனும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கேள்வி சரியாக இருந்தால் போதுமா? அது லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்ச் சேர வேண்டுமே. நேராகப் போய்க் கதவைத் தட்ட முடியாது. உள்ளூர் நீதிபதிதான் அந்தக் கேள்வியை அனுப்ப வேண்டும். 1990 நவம்பரில் லியேஜ் நீதிபதி அனுப்பினார். 1991 மே மாதம் மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1992 ஜூனில் மறுபடி அனுப்பினார்கள், மறுபடி மேல்முறையீடு. இதற்கிடையில் ஐரோப்பியக் கால்பந்தை ஆளும் யூஃபாவையே எதிர்க்கட்சியாக வழக்குக்குள் இழுத்தார்கள். கடைசியில் 1993 அக்டோபர் 1-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றமே கேள்விகளை லக்சம்பர்க்குக்கு அனுப்பியது. மூன்று வருடம் கேள்வி கேட்கவே ஆயிற்று!

அந்த வருடங்களில் போஸ்மான் என்ன செய்தார்? பிரான்சில் ஒரு இரண்டாம் பிரிவு கிளப்பில் கொஞ்ச நாள், அது நிலைக்கவில்லை. பிறகு இந்துமாக்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் ஒரு கிளப். பிறகு ஊர் திரும்பி மூன்றாம் பிரிவு கிளப். ஒரு ஆட்டக்காரருக்கு 25-லிருந்து 31 வரைதான் காய்க்கிற பருவம். அவருக்கு அது கோர்ட் வாசலில் போயிற்று.

1995 டிசம்பர் 15-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் வேறு உறுப்பு நாட்டுக்குப் போகும்போது பழைய கிளப் ஈட்டுத் தொகை கேட்கக் கூடாது. இன்னொன்றும் சொன்னார்கள். அதுவரை யூஃபா போட்டிகளில் ஒரு அணி மூன்று வெளிநாட்டவரையும், அந்த நாட்டில் பல வருடம் ஆடிப் பழகிய இன்னும் இரண்டு பேரையும்தான் இறக்கலாம் என்று விதி இருந்தது. ஐரோப்பியத் தொழிலாளிகளிடம் அப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

கிளப்புகள் தரப்பு வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சின்ன கிளப்புகள் பையன்களை வளர்க்கின்றன, ஈட்டுத் தொகை இல்லாவிட்டால் அவை அழிந்துவிடும் என்றார்கள். நீதிமன்றம் அந்தக் கவலையைத் தள்ளவில்லை. சின்ன கிளப்புகளைக் காப்பாற்ற வேண்டும்தான், அதற்கு வருமானத்தைக் கிளப்புகளுக்குள் பங்கிடுவது போல வேறு வழி உண்டு, ஒரு தொழிலாளியைக் கட்டிப்போட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதில்லை என்று பதில் சொன்னது. அந்தப் பதிலை நான் இரண்டு தடவை படித்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களில் கால்பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மக்மானமன் 1999-ல் லிவர்பூலிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்கு ஈட்டுத் தொகை இல்லாமல் போனார். அதே வருடம் டிசம்பர் 26-ஆம் தேதி செல்சி அணி ஓர் ஆங்கிலேயர் கூட இல்லாத பதினொரு பேரோடு இறங்கியது. 1995-ல் ஐரோப்பியக் கோப்பை வென்ற ஆம்ஸ்டர்டாம் ஆயக்ஸ் அணி, தான் வளர்த்த பையன்கள் ஒவ்வொருவராகப் பணக்கார கிளப்புகளுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. சின்ன கிளப்புகள் சொன்ன பயத்தில் உண்மையும் இருந்தது.

போஸ்மானுக்கு என்ன கிடைத்தது? வருடங்கள் கழித்து நஷ்ட ஈடாக ஒரு தொகை. அது நிலைக்கவில்லை. மன அழுத்தம், குடி, ஒரு அடிதடி வழக்கு, 2013-ல் சிறைத் தண்டனை என்று வாழ்க்கை திசைமாறியது. ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ அவருக்குக் கை கொடுத்தது. அவர் பெயரால் கோடி கோடியாகச் சம்பாதித்தவர்களில் எத்தனை பேர் அவரை நினைத்தார்களோ.

டுபோன் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார். அவரை மகான் ஆக்கவும் நான் வரவில்லை. பணக்கார கிளப்புகள் தனியாக ஆரம்பிக்கப் பார்த்த சூப்பர் லீக் வழக்கில், 2023-ல் தீர்ப்பு வந்ததே, அதில் அவர் அந்த லீக் தரப்பில்தான் நின்றார். ஆனால் அடுத்த வருடமே லசானா டியாரா என்ற ஆட்டக்காரரின் வழக்கிலும் அவர் இருந்தார். டியாராவை மாஸ்கோ கிளப் ஒன்று 2014-ல் ஒப்பந்தம் முடியும் முன்பே நீக்கியது. அவர் ஒரு கோடியே ஐந்து லட்சம் யூரோ கட்ட வேண்டும் என்று ஃபிஃபா சொன்னது. அவரை எடுக்கிற புது கிளப்பும் அந்தக் கடனில் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் என்பது விதி. தகராறு தீரும் வரை மாற்றுச் சான்றிதழையும் நிறுத்தி வைக்கலாம். பெல்ஜியத்தில் ஷார்ல்ருவா கிளப் கூப்பிட்டும் அவரால் போய்ச் சேர முடியவில்லை. 2024 அக்டோபர் 4-ஆம் தேதி அதே ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதிகள் செல்லாது என்றது. 34 வருடம் கழித்து மறுபடியும் டி.சி. விவகாரம்!

எல்லா வழக்கும் இப்படி ஜெயிப்பதில்லை. அமெரிக்காவில் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பினப் பேஸ்பால் ஆட்டக்காரர், தன்னைக் கேட்காமலே இன்னொரு அணிக்கு மாற்றியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்காக வாதாடிய ஆர்தர் கோல்ட்பர்க் அதே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அப்படிப்பட்டவர் வாதாடியும் 1972-ல் தோற்றார்கள். ஆனால் மூன்றே வருடத்தில் ஆட்டக்காரர் சங்கம் நடுவர் மன்றம் வழியாக அந்தப் பூட்டை உடைத்தது. ஃபிளட் தட்டிய சத்தம் வீண் போகவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பயிற்சிப் பள்ளியில் பட்டயம் வாங்கிக்கொண்டு வந்த புதிதில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். வருடா வருடம் ஒப்பந்தம். சேரும்போது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் பட்டயச் சான்றிதழையும் வாங்கி பீரோவில் வைத்தார்கள். எல்லோரிடமும் அப்படித்தான் வாங்கினார்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் எனக்கு அரசுப் பணிக்கு அழைப்பு வந்தது. ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிந்திருந்தது. சான்றிதழைக் கேட்டேன். "இன்னொரு டீச்சர் கிடைக்கட்டும், தருகிறோம்" என்றார்கள். அடுத்த வாரம் போனால், மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். சான்றிதழ் சரிபார்க்கும் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அப்பா கையில் பணம் இல்லை. அம்மா வளையலைக் கழற்றி வைத்துவிட்டாள்.

எங்கள் தெருவில் தாலுகா கோர்ட்டுக்குப் போய்வரும் வக்கீல் மாமா ஒருவர் இருந்தார். உறவு இல்லை, தெரு முழுக்க மாமா என்றே கூப்பிடும். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஒப்பந்தம் என்னைக்கு முடிஞ்சுது, தாயி?" சொன்னேன். "அப்போ நீ அவங்க ஆளு இல்ல. காகிதம் உன்னோடது" என்றார். டைப் அடித்த ஒரு பக்க நோட்டீஸ், பதிவுத் தபாலில். டைப் செலவும் தபால் செலவும் தவிர ஒரு பைசா வாங்கவில்லை. ஆறாம் நாள் பள்ளியிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டு, சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். வளையல் அம்மா கைக்கே திரும்பிப் போயிற்று. உங்களுக்கெல்லாம் நான் டீச்சராக வந்தது அந்த ஒரு பக்கக் காகிதத்தால்தான்.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் நம் பள்ளியில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன் செய்தாள். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு வருடம் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டு வருடமும் முடிந்துவிட்டது. வேறு ஊரில் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. ஒரிஜினல் சான்றிதழ்களைத் தர மாட்டேன் என்கிறார்களாம். "ஆள் கிடைக்கட்டும்" என்கிறார்களாம். நாற்பது வருடம் கழித்து அதே வாக்கியம் என் காதில் விழுந்தது. "டீச்சர், கேட்டா கோவப்படுவாங்களோன்னு பயமா இருக்கு" என்று அழுதாள். வக்கீலைப் பார்த்தாயா என்றேன். "வக்கீல்னா பெரிய செலவு ஆகுமே டீச்சர், நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எங்க" என்றாள்.

அந்தப் பேச்சுதான் என்னை எழுத வைத்தது. போஸ்மானும் நம்மைப் போன்ற ஆள்தான். அவரிடமும் பெரிய பணம் இல்லை. தன் ஊர் வக்கீலிடம்தான் போனார்.

பிள்ளைகளே, வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போடும் காகிதத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று குறித்து வையுங்கள். ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போது விட்டுப் போவது வேறு, முடிந்த பிறகு போவது வேறு. போஸ்மான் தீர்ப்பும் முடிந்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான் பேசியது. சான்றிதழைக் கேட்பதை வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்து விவரம் கேட்கலாம். அந்தப் பெண்ணை அங்கேதான் அனுப்பியிருக்கிறேன். மனு கொடுத்துவிட்டாள். என்ன ஆகிறது என்று பிறகு சொல்கிறேன்.

உங்களில் நான்கைந்து பேர் கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெரிய கேஸ் வரவில்லையே என்று ஒருவன் போன பொங்கலுக்கு வந்து வருத்தப்பட்டான். டுபோனிடம் வந்ததும் சம்பளம் இல்லாமல் நின்ற ஒரு உள்ளூர் ஆட்டக்காரரின் கேஸ்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இந்த மாதிரி வந்தால் ஒரு பக்க நோட்டீஸ் எழுதிக் கொடுங்கள். டைப் செலவை வேண்டுமானால் டீச்சர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதே போலச் சான்றிதழ் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் வேறு யாராவது இருந்தால் தயங்காமல் எனக்கு போன் செய்யுங்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் வேண்டாம், தூங்குவேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்